சுகருக்கு எங்கே போவது: ஊர் சுகாதார நிலையமா, டவுன் கிளினிக்கா, பாண்டிச்சேரியா?

அம்மாவுக்கு 58 வயதில் சுகர் இருப்பது தெரிந்தது. முந்திரித் தோப்பில் காலில் குத்திய முள் ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் 214, சாப்பிட்ட பிறகு 330. அன்று ராத்திரியே வீட்டில் மூன்று கருத்து. "பாண்டிக்கே கூட்டிட்டுப் போயிடலாம். பெரிய ஆஸ்பத்திரி, எல்லா டெஸ்டும் ஒரே இடத்துல முடிஞ்சிடும்" என்றார் அண்ணன். டவுனில் மாலை நேரத்தில் பார்க்கிற டாக்டர் ஒருவர் கைராசிக்காரர் என்றாள் தங்கை. அம்மா மட்டும், "நம்ம ஊரு ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை தர்றாங்களாமே, அதுக்கு ஏன் பஸ் ஏறணும்?" என்றார்.

இந்த ஆறு வருடத்தில் மூன்று இடங்களுக்கும் போய்வந்துவிட்டோம். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள் நிறைய. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிராமத்தில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் போகிற இடம் பக்கத்து அரசு சுகாதார நிலையமாக இருக்க வேண்டும். பெரிய மருத்துவமனை வருடத்துக்கு ஒரு முறை, சில குறிப்பிட்ட காரியங்களுக்கு. இப்படிச் சொல்வதற்குக் காரணம் மலிவு மட்டும் இல்லை. நோயின் குணமே அப்படி.

ஒரு பெரிய ஆளின் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் அதில் இருக்கிற சர்க்கரை நாலைந்து கிராம்தான், ஒரு டீஸ்பூன். ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் போல எடுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் ரத்தத்தில் இருப்பது ஏரித் தண்ணீர் இல்லை, வாய்க்கால் தண்ணீர். எந்நேரமும் ஒரு பக்கம் வந்துகொண்டும் மறுபக்கம் போய்க்கொண்டும் இருக்கிறது. மடையைக் காப்பது கல்லீரல். சோறு செரித்து வருகிற சர்க்கரையில் ஒரு 100 கிராம் வரை கிளைகோஜன் என்ற வடிவில் அது சேர்த்து வைத்துக்கொள்கிறது. நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சேமிப்பு குறையக் குறையப் புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருக்கும் கிளிசராலிலிருந்தும் புதிதாகவே சர்க்கரை செய்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் 'அடை' என்று சொல்கிறது, அங்கேயே சுரக்கும் குளுக்ககான் 'திற' என்கிறது. அம்மா மாதிரி நடுவயதில் நோய் வந்தவர்களுக்கு இன்சுலின் இருந்தாலும் கல்லீரல் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் காலையில் 214 எப்படி வந்தது என்று அம்மா கேட்டதற்கு இதுதான் பதில். மடை அடைபடவில்லை.

கொட்டகையில் நிற்கிற மாட்டுக்கும் இதே கல்லீரல், இதே இன்சுலின்தான். ஆனால் கதை வேறு. வைக்கோலை அசை போடுகிற மாட்டுக்குக் குடலிலிருந்து சர்க்கரை ஏறக்குறைய ஏறுவதே இல்லை. வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அதில் ஒன்றான புரோபியானிக் அமிலத்திலிருந்து கல்லீரல் நாள் முழுவதும் சர்க்கரை செய்கிறது. நல்ல ஆரோக்கியமான பசுவின் ரத்தச் சர்க்கரை 45இலிருந்து 75 வரைதான். அதில் கீழ் எண் நமக்கு இருந்தால் கை நடுங்கி வேர்த்துவிடும். கன்று போட்ட சில வாரத்தில் அதிகம் கறக்கிற மாடு தீவனம் எடுக்காமல் நின்றால், பாலுக்குப் போகிற சர்க்கரைக்கு ஈடு கொடுக்க முடியாமல் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது அதன் மூச்சில் அழுகிய பழம் மாதிரி ஒரு இனிப்பு வாசனை வரும். மாடு வளர்க்கிறவர்கள் பலர் அதை முகர்ந்திருப்பார்கள். அந்த வாசனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

சரி, இதற்கும் எந்த ஆஸ்பத்திரி என்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்த வாய்க்கால் மணிக்கு மணி மாறுவது. நாற்று நட்ட நாளில் ஒரு மாதிரி, மழைக்கு வீட்டில் உட்கார்ந்த நாளில் ஒரு மாதிரி. டாக்டர் நம்மைப் பார்ப்பது வருடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை, தலா ஐந்து நிமிடம். மிச்ச நேரமெல்லாம் மடையைப் பார்ப்பது நாம். ஆகவே நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் மூன்று இடங்களையும் எடைபோட்டேன். எங்கே போனால் மாத்திரை ஒரு மாதம்கூட விட்டுப்போகாது? நாம் எப்படி வாழ்கிறோம் என்பது தெரிந்தவர் எங்கே இருக்கிறார்?

முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம். எங்கள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர். சுகர் பார்க்கிற நாளில் அம்மா முதல் பஸ்ஸுக்கு வெறும் வயிற்றோடு கிளம்புவார். கையில் ஒரு தூக்கு, அதில் மூன்று இட்லியும் கொஞ்சம் சட்னியும். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அந்த இட்லியைச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, மணியைப் பார்த்து இரண்டு மணிநேரம் காத்திருப்பார். அப்புறம் இரண்டாவது ரத்தம். அந்தப் பெஞ்சில் அவரைப் போல் பத்துப் பதினைந்து பேர். யாருக்குக் காலில் மதமதப்பு, யாருக்குக் கண்ணில் மங்கல் என்பதெல்லாம் அங்கேயே பேசி முடிந்துவிடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு மாத்திரைக்கு இந்த அலைச்சலும் குறைந்தது. தன்னார்வலர் பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் பக்கத்துத் தெருக்காரர். அம்மா போன மாத மாத்திரையில் மிச்சம் வைத்திருந்தால் அட்டையை எண்ணிப் பார்த்து, "என்ன பெரியம்மா, ஆறு மாத்திரை அப்படியே இருக்கு?" என்று கேட்டுவிடுவார். என்னிடம் சொல்லாத பதிலை அம்மா அவரிடம் சொல்வார். இதற்கு இணையான ஒன்றை எந்தப் பெரிய மருத்துவமனையும் எங்களுக்குத் தர முடியவில்லை.

அங்கே தருவது பழைய மாத்திரைகள் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். மெட்ஃபார்மின் 1957இலிருந்து மனிதர்களுக்குக் கொடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் அது செய்கிற வேலை என்ன? கல்லீரல் தேவையில்லாமல் திறந்து விடுகிற சர்க்கரையைக் குறைக்கிறது. அம்மாவின் 214க்குக் காரணமான அதே மடையில்தான் அது கைவைக்கிறது. இன்றைக்கும் பெரும்பாலான நோயாளிகளுக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது அதைத்தான், எவ்வளவு பெரிய ஊரில் போய்க் காட்டினாலும்.

கவனம் வேண்டியது கிளிமிபிரைடு வகை மாத்திரைகளுக்கு. அவை கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கின்றன. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஒரு முறை களையெடுப்பு நாளில் அம்மா காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் நீராகாரத்தோடு வயலுக்குப் போய்விட்டார். பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, வாய் குழறி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் டீக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்ததால் தெளிந்தார். மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, "களை எடுக்கப் போனீங்களா?" அந்த வாரம் ஊரே களையெடுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். அவர் எடுத்துச் சொன்னதும் டாக்டர் அளவைக் குறைத்து, வேலைக்குப் போகிற நாளில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. டாக்டர்கள் அடிக்கடி மாறிப்போகிறார்கள். புதிதாக வருகிறவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சில மாதம் ஒரு மாத்திரை இருக்காது, வேறு கொடுப்பார்கள். இன்னொரு சிக்கல் நம் பக்கத்தில் இருக்கிறது. ரத்தம் கொடுக்கப் போகிற நாளுக்கு முந்தைய இரவு அம்மா அரை வயிற்றோடு படுத்துவிடுவார். மறுநாள் எண் அழகாக 130 என்று வரும். மற்ற நாளில் வீட்டு மீட்டரில் பார்த்தால் 240. இதைப் பிடிக்கத்தான் மூன்று மாத சராசரிப் பரிசோதனை, எச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கிற சர்க்கரையை அது அளக்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பதால் நடுவில் நடந்ததெல்லாம் அதில் பதிந்துவிடும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே நம் ஊர்ப் பெண்களுக்கு எச்பிஏ1சி எடுக்கும்போது ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

இனி டவுன் கிளினிக். அதன் பெரிய சௌகரியம் நேரம். மாலை ஆறு மணிக்கு மேல் பார்ப்பதால் அன்றைய கூலி போகாது. ஒரே டாக்டர் வருடக்கணக்கில் பார்ப்பார், எச்பிஏ1சி முடிவு அன்றே கைக்கு வரும், புதிய வகை மாத்திரைகளும் கிடைக்கும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிற எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவர்களுக்கு உண்மையிலேயே பயன் தருபவை. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்தபின் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. மாதச் சம்பளக்காரர்களுக்கு, பகலில் விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு, திருப்பூர் போல் வெளியூரில் வேலைக்கு இருந்து தன்னார்வலர் வரும்போது வீட்டில் இல்லாதவர்களுக்கு, இதுவே சரியான தேர்வாக இருக்கலாம். எழுதித் தருகிற மாத்திரையின் மூலப் பெயரை (கம்பெனி வைத்த பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) கேட்டு வாங்கிக்கொண்டு மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் செலவும் தாங்கக்கூடியதாகிவிடும்.

எங்களுக்கு அது ஒத்துவராமல் போனது வேறு காரணத்தால். தங்கை பேச்சைக் கேட்டு டவுனில் காட்டினோம். அங்கே எழுதிய மாத்திரை ஒன்று இரண்டு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை. அதில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் இருந்தன. வீட்டில் அரசு கொடுத்த அதே இரண்டும் தனித்தனியாக இருந்தன. பெயர் வேறு, நிறம் வேறு. 'இது சின்ன ஆஸ்பத்திரி மாத்திரை, அது பெரிய டாக்டர் மாத்திரை' என்று அம்மா இரண்டையும் போட்டார். பத்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை நனைகிற அளவு வியர்வை. மீட்டரில் 52. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தோம், பதினைந்து நிமிடத்தில் 88 ஆனது. ஏறிவிட்டது என்று படுக்கப் போயிருந்தால் தப்பு செய்திருப்போம். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சுகர் ஏறிவிட்டு மறுபடியும் இறங்கும். விடியும்வரை மணிக்கொரு தடவை பார்த்தோம், காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த டாக்டர் மீது எனக்குக் கோபமில்லை. ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர் கேட்டிருக்கலாம், நாங்களும் சொல்லியிருக்கலாம். இரண்டு இடத்தில் காட்டினால் இரண்டு மடங்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன்: மாத்திரை எழுதுகிற கை ஒன்றாக இருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரண்டு இடத்தில் வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். பேனா மாதிரி இருக்கிற ஊசிக் கருவியில் போடுவது ஒரு மில்லியில் 100 யூனிட். 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். ஆளைக் கொன்றுவிடும் அளவு அது. இடம் மாற்றும்போது குப்பியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் மூடியின் நிறத்தையும் பார்க்காமல் ஊசி ஏற்றாதீர்கள்.

பாண்டிச்சேரிக்குப் போவதற்கு எங்களுக்கு இரண்டு பஸ். அம்மாவோடு ஒருவர் போக வேண்டும், ஆக இரண்டு பேர் கூலி போச்சு. விடிகாலையில் கிளம்பினால் டோக்கன், ஓ.பி. சீட்டு, பரிசோதனை, மருந்து வரிசை என்று வீடு திரும்ப ராத்திரி ஆகும். மாதாமாதம் செய்வதாகத் தொடங்கியவர்களில் பலர் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிறுத்தியதும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. இரண்டும் கெட்டு, ஒரு வருடம் கழித்துக் கால் விரல் கறுத்தபின் ஜிப்மருக்கு ஓடுகிறார்கள்.

ஆனால் சில காரியத்துக்கு அங்கே போகாமல் முடியாது. சுகர் விழித்திரையைக் கெடுப்பது வலியில்லாமல் நடக்கும், பார்வை நன்றாகத் தெரியும்போதே உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரித்துப் பார்த்தாக வேண்டும். அம்மாவை தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறோம். அதேபோல் சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்க்கச் சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை. இவை பக்கத்துத் தாலுகா ஜி.எச்.சில் கிடைத்தால் அங்கேயே முடிக்கலாம். கெட்டுப்போயிருந்தால்தான் மேலே போக வேண்டும்.

நோயாளி போவதற்குப் பதிலாகப் பரிசோதனையே கிராமத்துக்கு வந்தால்? செங்கல்பட்டுப் பக்கம் சூணாம்பேட்டில் சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் வி. மோகன் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு வேன் 42 கிராமங்களைச் சுற்றியது. அதற்குள்ளேயே கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்து, இஸ்ரோ உதவியோடு செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்துச் சொன்னபின் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மட்டுமே சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. கிராமத்து ஆளுக்கு எது தூரம், எது பக்கம் என்ற கணக்கையே மாற்றிய வேலை என்று இதை நினைக்கிறேன். உங்கள் பக்கம் இப்படிக் கண் பரிசோதனை வேனோ முகாமோ வந்தால் விட்டுவிடாதீர்கள்.

வேறு சிலர் பக்கத்து ஆஸ்பத்திரியில் தொடங்கவே வேண்டாம். குழந்தைகளுக்கு வருகிற முதல் வகை நோய், கர்ப்பத்தில் ஏறுகிற சுகர், கறுத்த அல்லது நாற்றமடிக்கிற கால் புண், திடீரென்று பார்வையில் கரும்புள்ளிகள், இவற்றுக்கு நேராகப் பெரிய இடம். நெஞ்சு வலிக்காமலேயே மாரடைப்பு வருவதும் சுகர்காரர்களுக்கு உண்டு. காரணமில்லாமல் மூச்சு வாங்கி வியர்த்தால் தாமதிக்கக் கூடாது. அப்புறம் அந்த வாசனை. பிள்ளை வாந்தி எடுத்து, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விட்டு, மூச்சில் பழ வாசனை வந்தால், இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாட்டின் மூச்சில் வருகிற அதே வாசனைதான். மாட்டுக்குச் சர்க்கரை போதாததால் வருகிறது, பிள்ளைக்குச் சர்க்கரை நிறைந்து கிடந்தும் எடுத்துக்கொள்ள முடியாததால். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மந்திரிப்பதற்கும் கஷாயத்துக்கும் அப்போது நேரமில்லை.

முதல்வர் காப்பீட்டு அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது, டயாலிசிஸுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பெரிய உதவி. ஆனால் மாதாமாத மாத்திரைச் செலவு அதில் வராது. அட்டை இருக்கிறதே என்று தனியார் பக்கம் போனவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் எல்லாம் மாத்திரைக்குப் பதிலாக ஆகாது.

சாப்பாட்டு விஷயத்திலும் பக்கத்தில் இருப்பவரே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியூரில் கொடுத்த அட்டவணையில் ஓட்ஸும் ஆப்பிளும் இருந்தன. எங்கள் வீட்டில் மூன்று வேளையில் இரண்டு வேளை பொன்னி அரிசிச் சோறு. அதன் கிளைசெமிக் குறியீடு 70ஐ ஒட்டி வருகிறது, அதாவது வேகமாக ஏற்றுகிற வகை. நர்ஸம்மா சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. அன்னக்கரண்டியால் இரண்டே கரண்டி, அதற்குச் சமமாகப் பொரியல், கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ என்றார். களி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று அம்மா நினைத்திருந்ததையும் அவர்தான் மாற்றினார்.

இப்போது அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எங்கே போனாலும் அதுதான் முதலில் மேசைக்குப் போகும். முதல் பக்கத்தில் மாத்திரைகளின் மூலப் பெயரும் அளவும், அதற்கடுத்து தேதியும் எண்ணும். மாத்திரை ஊரில், சராசரிப் பரிசோதனை தாலுகா ஜி.எச்.சில், கண் பாண்டிச்சேரியில். போன முறை எச்பிஏ1சி 9ஐத் தாண்டிவிட்டது. இன்சுலின் தொடங்கலாம் என்றார் டாக்டர். பேனாவா குப்பியா என்று மறுபடியும் வீட்டில் பேச்சு. அரசில் தொடர்ந்து கிடைப்பது குப்பிதான் என்பதால் குப்பி என்று முடிவு செய்தோம். கரண்ட் போகிற ஊர் என்பதால் திறந்த குப்பிக்கு, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் ஒரு டப்பா. சிவப்பு மூடி சிரிஞ்சைத் தவிர வேறெதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அண்ணனிடமும் சொல்லியாகிவிட்டது.